பேட்டரியைக் குறை சொல்லும் முன்



கொச்சியின் வல்லார்பாடம், வைப்பின் பக்கத்துத் தீவுகளில் பொக்காளி நெல் அறுப்பு முடிந்து, வயல்கள் இறாலுக்குத் திறக்கும் காலம் இது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை, தண்ணீர் ஏறும்போது மதகைத் திறந்து காயல் நீரை உள்ளே விடுவார்கள். இறங்கும்போது வலை கட்டிப் பிடிப்பார்கள். வெளிச்சத்தை நாடி இறால் வரும் என்பதால் இரவில் மதகருகே விளக்கு தொங்கவிடுவது பழைய வழக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் வரப்போரக் கொட்டகையில் ஆள் விழித்தே இருக்க வேண்டும்.

வல்லார்பாடத்தில் 2011இல் திறந்த கன்டெய்னர் முனையத்தில் இரவெல்லாம் வெளிச்சம் உண்டு. ஆனால் வயல் நடுவே நிற்கும் கொட்டகை வரை மின்கம்பி வருவதில்லை. அங்கே அரிக்கேன் விளக்கின் இடத்துக்குச் சிறிய சோலார் வந்திருக்கிறது: 40 வாட் பேனல், 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரி, ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், இரண்டு எல்இடி பல்பு. மழைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த கொட்டகையைத் திறந்து சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியாது. உடனே வரும் பேச்சு, “பேட்டரி போச்சு.” மொத்தச் சாமானிலும் பெரிய செலவு வைப்பது அந்தப் பேட்டரிதான். அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: கடைக்குப் போகும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள்.

கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைத் தொடங்கி, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று பெயர் பெற்றது. அது பகலில் மிஞ்சியதை மின்வாரியத்துக்குக் கொடுத்து இரவில் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கொட்டகைக்கு அந்த வசதி இல்லை. பகலில் பேட்டரிக்குள் போனதுதான் இரவுக்கு வெளிச்சம். போகும் வழியில் எங்கே தடை என்று பார்ப்பதே முழு வேலையும்.

உச்சி வெயிலில் பேனல் ஒயரைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி அளந்து பாருங்கள். இத்தகைய பேனலில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஒயரிலோ இணைப்பிலோ அறுந்திருக்கும். காட்டினாலும் நிம்மதி கொள்ளாதீர்கள். ஒரு தென்னோலையின் நிழல் விழுந்தால் வோல்ட் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஆம்பியர் சரிந்துவிடும். பறவை எச்சத்தைக் கழுவுங்கள், ஓலையை வெட்டுங்கள்.

அடுத்து பேட்டரி. பேனலும் விளக்கும் கழற்றிய நிலையில் சில மணி நேரம் ஓய்வுக்குப் பின் 12.6, 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. காலியானதும் கெட்டதும் ஒன்றல்ல. பேனலை மாட்டினால் வெயிலில் அந்த எண் ஏறிக்கொண்டே போய் 14ஐத் தொட வேண்டும். ஏறவே இல்லையென்றால் ஃபியூஸையும் டெர்மினலையும் கன்ட்ரோலரையும் பாருங்கள். நிறையச் சார்ஜ் ஏறிய பிறகும் விளக்கைப் போட்ட சில நிமிடத்தில் 11க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

உப்புக்காற்றுள்ள நம் தீவுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டெர்மினலில் பூக்கும் பச்சையைத்தான். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, வாசலின் தடவினால் பல விளக்குகள் மறுபடி எரியும். விளக்கு எரியும்போது பேட்டரியிலும் பல்பு முனையிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயர் மெலிது அல்லது இணைப்பு அழுகியிருக்கிறது. கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் இடத்தில் பீடி வேண்டாம்; அந்தப் பேட்டரி விடும் வாயு தீப்பற்றக்கூடியது.

மழைக்காலத்தில் பேட்டரியைக் காலியாகக் கிடத்துவதுதான் அதைக் கொல்வது. உள்ளே ஈயத்தட்டுகளில் சல்பேட் படிவு இறுகிவிடும். கொட்டகையை மூடும் முன் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, வீட்டுக்கு எடுத்து வந்து மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

உண்மையாகவே முடிந்துபோன பேட்டரியைக் காயலோரம் போட வேண்டாம் என்பது என் உருக்கமான வேண்டுகோள். அதிலுள்ள ஈயமும் அமிலமும் இறங்குவது நாம் இறால் வளர்க்கும் தண்ணீரில். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்திருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் தள்ளுபடி கேளுங்கள்.

வீட்டுக்கு ஒருவராவது மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும். அது பள்ளியில் படிக்கும் உங்கள் மகளாக இருந்தால் இன்னும் மகிழ்ச்சி. அளந்த எண்ணைத் தேதியோடு கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த முறை விளக்கு அணையும்போது எது மாறியது என்று அந்த எண்களே சொல்லும். உங்கள் கொட்டகையில் எது பழுதானது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். பக்கத்துத் தீவில் ஒருவருக்கு அது ஒரு பேட்டரியின் விலையை மிச்சப்படுத்தும்.

அன்புடன்,
ஆசிரியர்