இளமையும் போதையும்

பள்ளியிற் பயிலும் பிள்ளை மதுவையோ போதைப்பொருளையோ தொட்டான் என்னுஞ் செய்தி எட்டியதும், தறுதலையென்று பெயரிட்டு, விலகற் பத்திரத்தைக் கையிற் கொடுத்து அனுப்பிவிடுமாறு வற்புறுத்துவோர் நம்மிடையே பலர். அது பிழையென்பதே எம் கருத்து.

முதியவன் குடிப்பதும் பதினைந்து வயதினன் குடிப்பதும் ஒன்றல்ல. இன்பத்தை நாடும் மூளைப்பகுதி குமரப் பருவத் தொடக்கத்திலேயே விழித்துக்கொள்கின்றது. பின்விளைவை எண்ணித் தடுக்கும் முன்மூளையோ இருபத்தைந்து வயதளவிலேதான் முதிர்கின்றது. வாய்க்காலில் நீர் பாய்ந்துவிட்டது; மடைப்பலகை இன்னும் இடப்படவில்லை. அன்றியும், திரும்பத் திரும்பச் செய்வதை விரைந்து பற்றிக்கொள்வது இளமூளையின் இயல்பு. செய்யுளை மனனஞ் செய்விக்கும் அவ்வியல்பே போதையையும் பழக்கிவிடுகின்றது. இளவயதிற் தொடங்கியவன் பிற்காலத்தில் அடிமையாதல் மிகுதி என்பதன் காரணம் இதுவே.

'ஆபத்தை அறியாத பிள்ளை' என்பர் சிலர். அறிவான், பரீட்சையில் வினவினால் பிழையற எழுதுவான். நண்பர் சூழ்ந்த வேளையில் அவ்வறிவு அவனுக்கு உதவுவதில்லை. அமெரிக்காவிலே டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வாளர் 2005 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கணினியில் மோட்டார் ஓட்டிய இளைஞர், தனித்திருந்தபோதிலும் நண்பர் பார்த்திருந்தபோதே மிகுந்த ஆபத்துக்குத் துணிந்தனர். முதியோரிடம் அத்துணை வேறுபாடு காணப்படவில்லை.

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு மதுவும் புகையிலையும் விற்றலைத் தடுக்கின்றது. நல்ல சட்டம். ஆயின் கசிப்புக் காய்ச்சுவோன் வயது கேட்பதில்லை. 'ஐஸ்' என்னும் கொடிய பொருளை முதன்முதல் நீட்டுவதும் பெரும்பாலும் அறிமுகமான கையே. அவ்வாறாயின், பிள்ளையைக் கல்லூரியினின்று நீக்குவதன் பயன் யாது? நல்ல நண்பர் அனைவரையும் அவன் ஒரே நாளில் இழக்கின்றான். எஞ்சுவோர் அப்பொருளை நீட்டியவரே! தண்டனை வேண்டாமென்று யாம் கூறவில்லை. வாயிலுக்கு உள்ளே வைத்துத் தண்டிக்க. பெற்றாரை அழைத்து, வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் அனுப்புக. வகுப்பில் அவனது இருக்கை மட்டும் அவனுக்காக இருக்கட்டும்.

ஐசுலாந்து என்னுந் தீவில், முந்திய மாதத்தில் மது வெறியுற்ற பதினைந்து, பதினாறு வயதினர் 1998 இல் நூற்றுக்கு 42 பேர். 2016 இல் 5 பேர். புகையிலை வாங்குதற்குரிய வயதெல்லையை உயர்த்தினர். இரவிலே பெற்றார் கூடித் தெருவில் உலாவந்தனர். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பொருளுதவிற்று. பிள்ளைகளின் மாலைப்பொழுது வெறுமையாய்க் கிடக்கவில்லை.

நம்மூர்ப் பிள்ளைகளின் மாலையோ தனியார் வகுப்போடு முடிகின்றது. அதன்பின் ஒழுங்கையும் கைத்தொலைபேசியுமே துணை. பழைய மாணவர்காள், யூபிலிக்கென நீவிர் திரட்டும் நிதியில் அலங்கார வளைவு சற்றுப் பொறுக்கட்டும். விளையாட்டிடத்துக்கு விளக்கிட்டு, பயிற்றுவிப்பாளர் ஒருவரை அமர்த்துக. சம்மாந்துறை, கல்முனைப் பாடசாலைகளையும் போட்டிக்கு அழையுங்கள். இத்தீமை சைவரென்றும் முசுலிமென்றும் பார்த்து வருவதில்லை. வாரத்தில் மூன்று மாலை, இரவு எட்டு மணி வரை போதும்.