திரைக்குப் பின்னால் அடுத்த பாட்டு

பங்குனி பிறந்துவிட்டால் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்கள் தொடங்கிவிடும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் மேளக்காரர்கள் களரி கட்டுவார்கள். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், தாளம், இவை அத்தனைக்கும் மேலே தனியாகக் கேட்கும் முகவீணை. கிழக்கு வெளுக்கும்வரை அந்த ஒலி அடங்காது. நடுச்சாமத்தில் கண் அசந்தவர்களை உலுக்கி எழுப்புவதும் அதே மேளம்தான்.

கூத்து இல்லாத திருவிழா இரவுகளில் மைக் செட்காரரின் லேப்டாப்புக்கு வேலை வந்துவிடுகிறது. சினிமாப் பாட்டு ரீமிக்ஸ்கள் ஓடும். அவற்றுக்கு இடையில் திடீரென்று பாடகரின் குரல் மறைந்து, நெஞ்சுக்கூட்டில் இடிக்கிற ஒரே சீரான பேஸ் மட்டும் சில நிமிடங்களுக்கு உருளும். ஆடுகிற பையன்களுக்கு அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது சைக்கடெலிக் ட்ரான்ஸின் அடித்தளம், சுருக்கமாக, சைட்ரான்ஸ். தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தப் பெயர் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் போலீஸ் செய்திகளில்தான். இசைப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைப்பதே இல்லை. கூத்து பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைவிட எளிதாகப் புரியக்கூடிய மின்னணு இசை வேறு இருக்கிறதா என்பது சந்தேகம்.

அதன் கணக்கு எளிது. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 முதல் 150 அடி. ஒவ்வோர் அடியையும் நான்காகப் பிரித்து ‘தகதிமி’ என்று சொல்லிப் பாருங்கள். ‘த’ விழும் இடத்தில் கிக் டிரம். மீதியுள்ள ‘கதிமி’ மூன்றிலும் பேஸ். அடியும் பேஸும் ஒன்றன் காலை ஒன்று மிதிக்காமல் மாறி மாறி விழுவதால்தான் அந்த உருளல். சில இடங்களில் தகதிமி விலகித் தகிட வரும். அப்போது குதிரை ஓடுவது போல இருக்கும். 145 வேகத்தில் 32 அடிக்கு, அதாவது ஆதி தாளம் நான்கு ஆவர்த்தனத்துக்கு, 13 விநாடிதான் ஆகிறது. இப்படியொரு சுற்று முடிகிற இடத்தில் ஒரு புது ஒலி நுழையும், அல்லது பழையது ஒன்று கழன்றுகொள்ளும். எட்டு நிமிடப் பாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். பல்லவி, சரணம் எதுவும் கிடையாது. கேட்பவர் அந்தச் சிறு சிறு மாற்றங்களுக்காகக் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இது பிறந்த இடம் நம் நாடு. கோவாவின் அஞ்சுனா, வகத்தோர் கடற்கரைகளில் 1970களில் தங்கிய ஹிப்பிகள் இரவு முழுக்க ராக் இசைக்கு ஆடினார்கள். 1980களின் தொடக்கத்தில் லோரான் என்ற பிரெஞ்சு டி.ஜே. மின்னணுப் பாடல்களிலிருந்து குரலை வெட்டி எறிந்து, வாத்தியப் பகுதிகளை மட்டும் கேசட்டில் ஒட்டி ஓடவிட்டார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இளம் வயதில் இந்தியாவுக்கு வந்து, சாதுக்களோடு திரிந்து, பிறகு கோவாவிலேயே வேர்விட்ட கோவா கில் அந்தக் கூட்டத்தின் மூத்தவர். இரவும் பகலும் நீளும் நிகழ்ச்சிகளை ஒற்றை ஆளாக நடத்தியவர். 2023 அக்டோபரில் மறைந்தார். ஆடல் களத்தை அவர் ஒரு சடங்காகத்தான் பார்த்தார். அங்கே மண்ணெண்ணெய் விளக்கு வைத்து, பாய் விரித்து, டீ விற்ற உள்ளூர்ப் பெண்களையும் அந்தச் சடங்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூத்துக் களத்தின் ஓரத்தில் சுக்குக் காபி விற்பவரைப் போல, அவர்கள் இல்லாமல் எந்த இரவும் விடிந்ததில்லை.

கோவாவின் வெயிலில் வினைல் இசைத்தட்டு வளைந்துவிடும். மணலும் புழுதியும் வேறு. அதனால் அங்கே டி.ஜே.க்கள் நாடாவை நம்பினார்கள். 1987இல் சோனி நிறுவனம் டிஜிட்டல் ஒலி நாடாவைக் கொண்டுவந்தது. டாட் என்று பெயர். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பெட்டிக்குள் 4 மில்லிமீட்டர் அகல நாடா. இரண்டு மணி நேரம் பதியும். நாம் கேசட்டுக்குக் கேசட் ‘காப்பி’ போட்ட காலத்தில் ஒவ்வொரு காப்பிக்கும் இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். டாட்டில் நூறாவது காப்பியும் முதல் காப்பியைப் போலவே இருக்கும். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் இந்தக் கருவியைக் கண்டு பயந்ததற்கும் காரணம் அதுதான்.

பயப்பட ஏதுமில்லாதவர்கள் கோவாவில் இருந்தார்கள். ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் வீட்டறைகளில் இசை செய்தவர்கள், இன்னும் எந்தக் கடைக்கும் போகாத தங்கள் பாட்டுகளை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவர் நாடாவை இன்னொருவர் பதிந்துகொண்டார். இரவில் கூட்டம் எந்த இடத்தில் கை தூக்கியது, எந்த இடத்தில் சோர்ந்தது என்று பார்த்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பிப் பாட்டைத் திருத்தினார்கள். லண்டனில் டிராகன்ஃபிளை நிறுவனம் 1993இல் இந்த இசையை வெளியிடத் தொடங்குவதற்கு முன்பே, சைட்ரான்ஸின் முன்னோடியான கோவா ட்ரான்ஸ் கைமாறிக் கைமாறி முழு உருவம் எடுத்திருந்தது. இதை ஒரு பொற்காலமாகக் காட்டிவிடவும் கூடாது. நாடா வேண்டுமென்றால் பதிலுக்குக் கொடுக்க உங்களிடமும் ஒன்று இருக்க வேண்டும். டீ விற்ற பெண்ணின் மகனுக்கு அந்த வட்டத்துக்குள் நுழைவது சுலபமாக இருந்திருக்காது.

இசையைக் கலப்பது பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பாட்டுகளை ஆடுபவர் கால் தடுமாறாமல் இணைப்பது டி.ஜே.யின் வேலை. ஒன்று 142 வேகத்திலும் மற்றது 145இலும் இருந்தால், ஒன்றாகத் தொடங்கிய அடிகள் பத்தே விநாடியில் அரை அடி பிசகிவிடும். வேகத்தைச் சரிக்கட்டினால் சுருதி நகரும். பேட்டரி இறங்கிய டேப் ரிக்கார்டரில் டி.எம்.எஸ். குரல் எப்படி இழுபடும் என்று கேட்டவர்களுக்கு இது புரியும். நாடாவை 6 விழுக்காடு விரைவாக ஓட்டினால் ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். கோவாவுக்கு வந்த டாட் கருவிகளில் பொதுவாக வேகத்தை மாற்ற வழியே இல்லை. அடியோடு அடி சேர்க்க முடியாது. அதனால் இசை செய்தவர்களே வழி விட்டார்கள்: பாட்டின் முன்னும் பின்னும் தாளமில்லாத நீண்ட பகுதிகள், காற்று போலவும் அலை போலவும். அந்த மங்கலில் ஒன்று கரைய, மற்றது எழும். கருவியின் குறையே பாட்டின் இலக்கணமானது. இன்று கணினியில் சுருதி மாறாமல் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனாலும் நீண்ட முகப்பும் நீண்ட முடிவும் சைட்ரான்ஸை விட்டுப் போகவில்லை.

இப்போதைய முறையில், உள்ளே வரும் பாட்டின் பேஸை முதலில் முழுவதும் குறைத்துவிடுவார்கள். மேல் ஒலிகள் மட்டும், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் மேல் மெல்லத் தெரியும். இரண்டு பேஸும் சேர்ந்து ஒலித்தால் சேறாகிவிடும். சுற்று முடியும் சரியான அடியில் பழைய பேஸை இறக்கிப் புதியதை ஏற்ற வேண்டும். அந்த ஓர் அடிக்காகத்தான் கூட்டம் காத்திருக்கும்.

இதைத் தெருவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம். கூத்தில் துரியோதனனோ கர்ணனோ நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னால் விருத்தம் கேட்கிறது, சலங்கை கேட்கிறது, கிரீடத்தின் உச்சி தெரிகிறது. ஆள் இன்னும் வரவில்லை, ஆனால் வந்துவிட்டான். மேளம் ஏறுகிறது, முகவீணை இழுக்கிறது, திரை விலகுகிற கணத்தில் கட்டை வேடம் சுழன்று களத்துக்கு வருகிறது. பேஸைப் பிடித்து வைத்திருந்து சரியான அடியில் விடுகிற டி.ஜே.யும் திரை பிடிக்கிறவர்தான். இரண்டு இடத்திலும் கலையின் உயிர், வரப்போவதைக் கொஞ்சம் காட்டி நிறைய ஒளிப்பதில் இருக்கிறது.

அம்மன் கோயிலில் பம்பை அடிப்பவர் செய்வது இன்னும் நெருக்கமானது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு உருளை மேளங்கள். கூடவே உடுக்கையும் சிலம்பும். வர்ணிப்பு பாடி அம்மனை அழைக்கும்போது நடை நிதானமாக இருக்கும். அருள் வரப்போகிறவரின் தோளையும் கண்ணையும் பார்த்துக்கொண்டே பம்பைக்காரர் வேகத்தைக் கூட்டுவார். எப்போது ஏற்றுவது, எப்போது பிடித்து நிறுத்துவது என்று அவர் கைக்குத் தெரியும். ட்ரான்ஸ் என்ற சொல்லுக்கு அகராதியில் தமிழ் தேடி அலைய வேண்டாம். ‘அருள் வந்து ஆடுகிறார்’ என்று ஊர் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறது.

சரண்ஜித் சிங்கின் கதையும் இங்கே சேர வேண்டியது. பம்பாய்ச் சினிமா வாத்தியக் குழுக்களில் வாசித்த அவர், 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு செய்தார். அவற்றில் பூபாலி நமக்கு மோகனம். மால்கௌன்ஸ் நமக்கு இந்தோளம். அந்தக் கருவிகளில் ஒன்றான டி.பி.-303இன் நெளியும் ஒலிதான் பின்னாளில் கோவா ட்ரான்ஸின் குரலாக ஆனது. இசைத்தட்டு விற்கவில்லை, மறக்கப்பட்டது. டச்சு சேகரிப்பாளர் ஒருவர் அதைத் தேடியெடுத்து 2010இல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பழைய தட்டின் அட்டையில் சரண்ஜித் சிங்கின் பெயர் இருந்தது. தேடுபவருக்கு அது போதுமானதாக இருந்தது. 2015இல் இறப்பதற்கு முன் வெளிநாட்டு மேடைகளில் அதே ராகங்களை வாசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

இணையம் வந்ததும் நாடா போய்க் கோப்பு வந்தது. கனடாவைச் சேர்ந்த பாசிலிஸ்க் என்ற டி.ஜே. ‘எக்டோபிளாசம்’ என்ற பெயரில், இசை செய்தவர்களின் அனுமதியோடு, சைட்ரான்ஸ் ஆல்பங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி சேர்த்துவைத்தார். தரம் குறையாத வடிவத்திலும் கிடைக்கும். பெரும்பாலானவை 2002இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வருபவை. பகிரலாம், ஆனால் செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் ஊர் பேர் தெரியாத இசைஞர்களுக்கு அது மேடையானது. கலவை செய்து பகிர்பவர்களிடமும் ஒரு மரியாதை உண்டு: கலவையோடு ட்ராக்லிஸ்ட் தர வேண்டும். எந்தப் பாட்டு, யாருடையது, எந்த வரிசையில். தராவிட்டால் கேட்பவர்கள் விடமாட்டார்கள்.

உத்திரமேரூரில் பகிர்தல் வேறு வழியில் வளர்ந்தது. மொபைல் கடையில் காசு கொடுத்து மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்டோம். பிறகு புளூடூத். பிறகு ஷேர்இட், அதை 2020 ஜூனில் அரசு தடை செய்தது. 2016இல் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்தது, கார்டு தேவையற்றுப் போனது. இந்தப் பயணம் முழுவதிலும் பாட்டு மெலிந்துகொண்டே வந்தது. நல்ல தரத்தில் 19 எம்.பி. இருக்க வேண்டிய எட்டு நிமிடப் பாட்டு, 128 கே.பி.பி.எஸ்.க்குச் சுருங்கி எட்டு எம்.பி.க்கும் கீழே வந்துவிடும். செல்போனில் வித்தியாசம் தெரியாது. தெருவில் பாக்ஸ் அடுக்கிப் போட்டால், சிம்பல் ஒலி தண்ணீருக்குள் அடிப்பது போலக் குழைவதைக் காது கண்டுபிடித்துவிடும்.

போதையின் நிழல் இந்த இசை மேல் இருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை, பெயரிலேயே இருக்கிறது. அதற்குச் சட்டம் இருக்கிறது, அது தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் இன்னொரு விதி இரண்டு இசையையும் ஒன்றாகத் தொடுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக அரசு அனுமதித்தாலும் நள்ளிரவு வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. கூத்தின் நேரமும் சரியாக அந்தப் பத்து மணி முதல் விடியல் வரைதான். நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் தூங்க வேண்டும்; விதி நியாயமானது. முகவீணையும் கூத்தாடியின் தொண்டையும் மைக் இல்லாத காலத்துக்காக உருவானவை. கூத்தை அந்த அளவுக்குத் திரும்ப இறக்கிக் கேட்கும் பழக்கம் நமக்குத்தான் விட்டுப்போயிற்று.

காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், பெ. ராஜகோபாலும் ஹன்னெ டி புருய்னும் 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியாக, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்தக் கலையைப் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அப்படிப் பயின்ற கைகளும் குரல்களும் இன்று மாவட்டத்தில் இருக்கின்றன. அவர்களின் ஒலி உலகத்துக்குப் போகாமல் இல்லை. ராத்திரியெல்லாம் செல்போனில் பிடித்த கூத்து யூடியூபில் குவிந்து கிடக்கிறது. தலைப்பில் ஊர் பெயர் இருக்கும், நாடகத்தின் பெயர் இருக்கும், சிலவற்றில் வேடம் கட்டியவர் பெயரும் இருக்கும். முகவீணை வாசித்தவர் யார், டோலக் யார் என்று பெரும்பாலும் இருக்காது. நாளைக்கு அந்த முகவீணையை வெட்டியெடுத்துத் தன் ட்ரான்ஸ் பாட்டில் வைக்கிற ஒருவர் மனமார நன்றி சொல்ல நினைத்தாலும், சொல்ல ஒரு பெயர் அவரிடம் இருக்காது.

இதற்குப் பெரிய நிறுவனம் வேண்டாம். இந்த வைகாசியில் களரி கட்டுமுன் மேளக்காரர்களிடம் பதியலாமா, பகிரலாமா என்று கேட்டு, செல்போனை முகவீணைக்கு எதிரே நேராக வைக்காமல் நான்கு முழம் தள்ளி வைத்து, சுருக்காத வடிவத்தில் பதிந்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு 600 எம்.பி. ஆகும். கோப்பின் பெயரில் ஊர், தேதி, வாசித்தவர்கள் ஐந்து பேரின் பெயர், எத்தனை கட்டை சுருதி என்று எழுத இரண்டு நிமிடம். மைக் செட்காரரின் லேப்டாப்பில் அதற்கு இடம் இருக்கிறது. கூத்துக்காரர்களை நன்றாகத் தெரிந்தவரும் அவர்தான்.