தொகுத்தவன் பெயர்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் நண்பர் நால்வர் கூடியிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பழைய பாட்டுக்களில் வந்து நின்றது. அவரவர் தமக்கு உகந்த பாட்டைச் சொல்வதும் மற்றவர் அதை மறுப்பதுமாக இருக்கையில், ஒருவர் எழுந்துபோய், தாமே தொகுத்து வைத்திருந்த இறுவட்டு ஒன்றை மேசை லாச்சியிலிருந்து எடுத்து வந்தார். உறையின்மீது பதினெட்டுப் பாடல்களின் முதலடிகள் அவர் கையெழுத்திலே வரிசையாக இருந்தன. எங்களுள் மூத்தவர், முப்பது ஆண்டுகள் உயர்வகுப்புக்களுக்குத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, “பிறர் பாடியதை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாய் ஒட்டுவதற்கா இவ்வளவு பாடுபட்டீர்?” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பின்னரே, சிரித்திருக்க வேண்டாமென்று தோன்றிற்று. அன்று ஐயாவுக்குச் சொல்லாத விடையை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

விடையின் முற்பகுதி இங்கிலாந்திலே கிடக்கிறது. ரசிகன் வீட்டு ஒலிநாடாவின் பெறுமதியை அந்நாட்டார் தம் சொந்தப் பிழையினாலேயே அறிந்துகொண்டனர்.

1967 செப்ரெம்பர் 30ஆந் தேதி பி.பி.ஸி. நிறுவனம் இளைஞருக்கென முதலாம் வானொலியைத் தொடங்கியபோது, இசைத்தட்டுக்களை விரும்பியவாறு சுழலவிடும் உரிமை அதற்கு இருக்கவில்லை. வானொலி ஓயாது தட்டுக்களையே ஒலிக்குமானால் தம் பிழைப்பு என்னாவதென்று வாத்தியக் கலைஞர்களின் சங்கம் அஞ்சியது. தட்டுக் கம்பெனிகளுக்கோ விற்பனை பற்றிய கவலை. ஆகவே, குறித்த மணி நேரத்துக்கு மேல் தட்டுக்களை ஒலிக்கலாகாது என்ற கட்டுப்பாடு முன்பிருந்தே வழக்கிலிருந்தது. அதனை ‘ஊசி நேரம்’ என்பர். 1988 வரை அது நீடித்தது. எஞ்சிய நேரத்தை நிரப்புவதற்குப் பாடகரையும் வாத்தியக்காரரையும் கலையகத்துக்கு அழைத்து, வானொலிக்கென்றே புதிதாகப் பாடுவிக்க வேண்டியதாயிற்று.

இக்கட்டுப்பாட்டிலிருந்து ஒரு கலைவடிவமே பிறந்தது. ஜோன் பீல் என்னும் அறிவிப்பாளர், 2004இல் பெரு நாட்டில் காலமாகும்வரை, 37 ஆண்டுகள் அந்த வானொலியிலே பணியாற்றினார். அவர் நிகழ்ச்சிக்காகப் பதிவான கலையக அமர்வுகள் 4000க்கும் மேற்பட்டவை. ஒரே நாளில் வந்து, வழக்கமாக நான்கு பாட்டுக்களைப் பாடிப் பதிந்து, ஒலியைச் சமன்செய்து முடித்துப் போய்விட வேண்டும். இசைத்தட்டுக்காக மாதக்கணக்கில் மெருகிடுபவர்கள் இங்கே ஒரு பகலுக்குள் தம்மைக் காட்டியாக வேண்டியிருந்தது. பெயரறியாத சிற்றூர்ப் பையன்கள் பலர் முதன்முதலாக நாட்டுக்குத் தெரியவந்தது இவ்வழியாலேயே. (பீல் சிலவேளை தட்டைத் தவறான வேகத்திற் சுழலவிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பார். அதற்காகவே அவரை நேசித்தவர்களும் உண்டு.) நேயர்கள் இரவில் வானொலிக்கருகே கசெற் கருவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பதிந்தவற்றிலிருந்து தேர்ந்து வேறொரு நாடாவிலே தொகுத்து நண்பனுக்கோ காதலிக்கோ கொடுத்தார்கள்.

அந்நாளிலே ஒலிநாடா விலைகூடிய பொருள். ஒலிபரப்பு முடிந்ததும் பதிவை அழித்து அதே நாடாவில் இன்னொன்றைப் பதிவது நிலையத்தாரின் வழக்கம். பீற்றில்ஸ் குழுவினர் 1962 தொடக்கம் 1965 வரை பி.பி.ஸி. வானொலியில் 88 பாட்டுக்களை, ஒரே பாட்டைப் பலமுறை பாடியதையும் சேர்த்தால் 275 தடவை, பாடியிருக்கின்றனர். அவற்றுட் பல அவர்கள் இசைத்தட்டிலே பாடாதவை. மூலநாடாக்களிற் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. 1994இல் அப்பாட்டுக்களைத் தொகுத்து வெளியிட முற்பட்டபோது, தேடிச் சென்ற இடங்களுள் ஒன்று பழைய நேயர்களின் வீடு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், அழிந்த நிகழ்ச்சிகளின் பிரதி எவரிடமேனும் இருந்தாற் தந்துதவுமாறு பி.பி.ஸி. பொதுமக்களையே கேட்டது. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர்தான், வீட்டிலே பதிவு செய்வோர் இசையைக் கொல்கின்றனர் என்று அந்நாட்டுத் தட்டுக் கம்பெனிகளின் சங்கம் பெரும் பிரசாரம் நடத்தியது. கசெற்றின் கீழே இரு எலும்புகளைக் குறுக்காக வரைந்து, கடற்கொள்ளைக்காரன் கொடியைப்போலச் சின்னமும் அமைத்திருந்தார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இலங்கை வானொலி எத்தனையோ மெல்லிசைப் பாட்டுக்களைத் தன் கலையகத்திலேயே பதிந்து ஒலிபரப்பியது. நம் நாட்டுக் கவிஞர் எழுதி, ஆர். முத்துசாமி, எம். கே. றொக்சாமி போன்றோர் இசையமைத்து, நம்மவர் பாடியவை அவை. தென்னிந்தியச் சினிமாப் பாட்டுக்குத் தட்டு இருந்தது; பின்னர் கசெற் இருந்தது; இன்று கைத்தொலைபேசியிற் கேட்கலாம். இப்பாட்டுக்களுட் பலவற்றுக்கு அந்தப் பாக்கியமில்லை. காற்றில் வந்தன, காற்றோடு போயின. எவரேனும் வானொலிக்கு முன்னே ஒலிவாங்கியைப் பிடித்துப் பதிந்திருந்தாலன்றி அவற்றைத் திரும்பக் கேட்க வழியில்லை.

பதிந்தவர்கள் இருந்தார்கள். நம் நகரங்களில் ‘றெக்கோடிங் பார்’ என்று கடைகள் இருந்ததைப் பலர் நினைவு கொள்வர். அறுபது நிமிட வெற்றுக் கசெற்றையும் பாட்டுக்களின் பட்டியலையும் கொடுத்துவிட்டுச் சில நாள் கழித்துப் போனால் தொகுதி ஆயத்தமாயிருக்கும். எந்தப் பாட்டில் தொடங்குவது, பக்கம் முடியுமிடத்தில் எது வரவேண்டும் என்று நான் ஒரு முழு இரவு யோசித்ததுண்டு. பரீட்சைக்கு அவ்வளவு யோசித்ததில்லை. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, அந்த டைனமோ தந்த மின்சாரத்திலே ஏனையோர் பாட்டுக் கேட்டார்கள். சுற்றுகிறவன் களைத்தால் பாடகரும் களைத்துப்போவார். 1995 ஒக்ரோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது எடுத்துச் சென்றவை உடுப்பும் பிள்ளைகளின் சான்றிதழ்களும். கசெற் பெட்டியைத் தூக்கியவர் எத்தனை பேர்?

இப்போது ஐயாவிடம் வருகிறேன். அவர் எனக்குச் சொல்லித்தந்த பாடங்களுள் ஒன்று அகநானூற்றின் அமைப்பு. ஒற்றைப்படை எண் பெற்றவையெல்லாம் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். நானூறு பாட்டும் இந்த ஒழுங்கிற் பிசகாமல் நிற்கின்றன. இது பாடிய புலவர் எவரும் செய்ததன்று. பிறர் பாடியதை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாய் ஒட்டிய உருத்திரசன்மர் செய்தது. இரண்டு பாலைக்கு நடுவே ஒரு முல்லையை வைத்தால் காதில் என்ன நிகழுமென்று அறிந்த ரசிகனின் வேலை அது. தொகுத்தவர் என்றும் தொகுப்பித்தவர் என்றும் பிரித்துப் பெயர் குறித்துவைத்த மரபு நம்முடையது. அப்படியிருந்தும் புறநானூற்றைத் தொகுத்தவர் பெயர் மறைந்துபோயிற்று. அவர் இல்லாவிடின் அப்புலவர்களிற் பலரை நாம் அறியோம்.

ஓலையும் எங்கேயிருந்தது? மடங்களில் இருந்தது, அதனோடு பல வீடுகளின் பரணிலும் இருந்தது. தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடியலைந்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையை நாம் போற்றுகிறோம். அவர் கைக்கு வரும்வரை அதை வீட்டில் வைத்திருந்தவனையும், அவனுக்கு முன் பிரதி செய்தவனையும் யாரும் போற்றுவதில்லை. அவன் செய்ததும் அனுமதியின்றிப் பிரதி செய்ததே.

ரசிகர் வைத்திருப்பனவெல்லாம் மாணிக்கமென்று நான் சொல்லவில்லை. பாதிக்கு மேல் குப்பை. பாடியவனுக்கும் எழுதியவனுக்கும் சேரவேண்டிய பணம் சேராமற் போனதும் மெய். அந்த வழக்கில் நான் ரசிகனுக்காக வாதாட வரமாட்டேன். ஆனால் குப்பையையும் மாணிக்கத்தையும் பிரிக்கும் வேலை பின்னால் வருபவருடையது. பிரிப்பதற்கு ஏதேனும் மிஞ்சியிருக்க வேண்டும். இன்று கைத்தொலைபேசியே நமக்குப் பாட்டுப் பட்டியல் போட்டுத் தருகிறது. நேற்று நான் கேட்டதை அது அறியும். இன்னாருக்குக் கொடுக்கவேண்டுமென்ற எண்ணம் அதற்கில்லை. அது தரும் பாட்டுக்களும் எங்கோ ஒரு கம்பெனியின் களஞ்சியத்தில் இருப்பவை மட்டுமே. நம் மெல்லிசைப் பாட்டு அங்கே எப்படிப் போய்ச் சேரும்? நாடாவோ நாளுக்கு நாள் காந்தம் இழந்து பூஞ்சணம் பிடிக்கிறது. வீட்டில் எழுதிய இறுவட்டும் சாகாவரம் பெற்றதன்று.

அந்த இறுவட்டின் பதினோராவது பாட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1970களில் நண்பர் சிறுவனாக வானொலி முன்னிருந்து பதிந்த கசெற்றிலிருந்து எடுத்தது அது. அறிவிப்பாளர் பாடகியின் பெயரைச் சொல்லும்போது பொத்தானை அழுத்தியிருக்கிறார். பெயரிற் பிற்பாதிதான் விழுந்திருக்கிறது. இரண்டாவது சரணத்தின் நடுவில், எங்கோ குசினியிலிருந்து, “தம்பி, சாப்பிட வா” என்று ஒரு பெண்குரல். நண்பருடைய தாயார். அவர் இப்போது இல்லை.

மூலக் கசெற்றில் இன்னும் ஒன்பது பாட்டுக்கள் இருக்கின்றனவாம். அடுத்த சனிக்கிழமை கேட்பதென்று தீர்மானித்திருக்கிறோம். ஐயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கசெற் கருவியின் பெல்ற் இளகிப் போயிருக்கிறது, அதற்கொன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.