‘கெக்கு’ என்று படிக்கும் குழந்தை

‘கொக்கு’ என்ற சொல்லை மூன்று குழந்தைகளிடம் காட்டுங்கள். ஒன்று ‘கெக்கு’ என்கிறது. ஒற்றைக்கொம்பு கண்ணில் பட்டிருக்கிறது, எழுத்துக்குப் பின்னால் நிற்கும் துணைக்கால் படவில்லை. இன்னொன்று ‘காக்கு’ என்கிறது. அதற்குக் கால் தெரிந்தது, கொம்பு தப்பிவிட்டது. மூன்றாவது குழந்தை தயங்காமல் ‘கொக்கு’ என்கிறது. பக்கத்தில் இருக்கும் பறவைப் படத்தை மறைத்து, ‘கொடி’ என்ற சொல்லைக் காட்டினால் விழிக்கிறது. மதிப்பெண் ஏட்டில் முதல் இருவருக்கும் தவறு, மூன்றாவது குழந்தைக்குச் சரி. மறுநாள் யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று பார்த்தால், அந்த ஏட்டில் ஒன்றும் இல்லை.

தாம்பரத்திலும் தென்சென்னைப் புறநகரிலும் தொடக்க வகுப்புகளில் பணிபுரியும் ஆசிரியர்களும் சிறப்புக் கல்வியாளர்களும் இந்த ஆண்டு மதிப்பீட்டை இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. எத்தனை தவறு என்பதோடு, எங்கே தவறு என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் உண்டு. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், வகுப்பைப் பார்க்காமல் குழந்தையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அரும்பில் இருக்கும் பத்துக் குழந்தைகளும் ஒரே காரணத்தால் அங்கே இருப்பதில்லை. திட்டத்தின் செயலியில் பதிவேற்றும் விடை, நிலையைக் காட்டும். காரணம் அருகில் அமர்ந்து கேட்கும் ஆசிரியரின் காதில்தான் விழும்.

பெரிய ஆய்வுகளும் நம் பகுதிக்கு இந்த வேலையைச் செய்துதர முடியாது. 2005 முதல் நடக்கும் அசர் ஆய்வு வீடு வீடாகப் போய், ஒவ்வொரு குழந்தையையும் தனியே படிக்கச் சொல்லிக் கேட்கிறது. அதன் 2022 அறிக்கைப்படி, தமிழ்நாட்டு ஊரகத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 2024இல் அது 10 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால் அசர் ஊரகத்துக்கான ஆய்வு. 2021இல் ஒரே மாநகராட்சியாகிவிட்ட தாம்பரமும் பல்லாவரமும் பம்மலும் சிட்லபாக்கமும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

வேகத்தை மட்டும் அளப்பதிலும் கவனம் தேவை. மூன்றாம் வகுப்பில் நிமிடத்துக்கு 60 சொற்கள் என்பது ஒன்றிய அரசின் ‘நிபுண் பாரத்’ திட்டத்தின் இலக்கு. ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ தமிழில் ஒரே சொல். அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் குழந்தையை, இரண்டெழுத்துச் சொற்கள் நிறைந்த பத்தியைப் படித்த குழந்தையோடு ஒப்பிடுவது நியாயமாகாது. என்சிஇஆர்டி 2022இல் 20 மொழிகளில் நடத்திய ஆய்வில் மொழிக்கு மொழி தனி அளவுகோல் வைத்ததும் இதனால்தான்.

எண்ணிலும் இதே கதைதான். மேசையில் ஏழு புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொல்லுங்கள். தொட்டுத் தொட்டு ‘ஏழு’ வரை சரியாகச் சொல்லும் குழந்தையிடம், “மொத்தம் எத்தனை கண்ணா?” என்று கேட்டால், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். அதற்கு எண்களின் வரிசை தெரியும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. ஜெல்மனும் கேலிஸ்டலும் 1978இல் எண்ணுதலை ஐந்து கொள்கைகளாகப் பிரித்துக் காட்டியபோது இதைத் தனியொரு கொள்கையாகவே வைத்தார்கள். நூறு வரை ஒப்பிக்கச் சொல்லும் சோதனையில் இந்தக் குறை வெளியே வராது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து ‘எண்பத்திப்பத்து’ என்கிற குழந்தையின் சிக்கலோ வேறு. அது விதியைப் பிடித்துவிட்டது. தொண்ணூறு என்ற பெயர்தான் அந்த விதிக்குள் அடங்கவில்லை.

புறநகரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தனியார் மழலையர் பள்ளியில் ‘ட்வென்டி த்ரீ’ என்று படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு ‘இருபத்து மூன்று’ புதிது. வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் கட்டடத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அப்படித்தான். முதலில் அந்தக் குழந்தைக்குத் தெரிந்த மொழியில் எண்ணவிட்டுக் கேளுங்கள். எண் தெரியவில்லையா, பெயர் தெரியவில்லையா என்பது ஐந்தே நிமிடத்தில் புலப்பட்டுவிடும்.

இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஐந்து வயதிலேயே ‘மந்தம்’ என்று பெயர் வைப்பது கொடுமை. கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழே 8 வயதுக்குப் பிறகுதான். பார்வை, செவி, வளர்ச்சி பற்றி ஐயம் எழுந்தால் காத்திருக்க வேண்டாம். முட்டுக்காட்டில் இருக்கும் தேசிய பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் நமக்குப் பக்கம்தான். அங்கே போகும் பெற்றோரின் கையில் வகுப்பறைக் குறிப்பு ஒன்று இருந்தால் பரிசோதிப்பவருக்கும் உதவும்.

ஆகவே இந்தப் பருவத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். படமில்லாத ஆறு சொற்கள், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு நோட்டு போதும். குழந்தை சொன்னதைத் திருத்தாமல் சொன்னபடியே, தேதியோடு எழுதுங்கள்: ‘கொக்கு – கெக்கு’. மூன்று வாரம் கழித்து அதே சொற்களை மீண்டும் காட்டி, பக்கத்தில் எழுதுங்கள்.