முதலுக்கு வேர் வேண்டும்

தனித்தமிழ் அன்பர்கள் மறக்கவியலாத ஊர்கள் இரண்டு. ஒன்று, மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் 1902ஆம் ஆண்டில் பிறந்த சங்கரன்கோவில். மற்றொன்று, 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்துக்கு வித்திட்ட மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிச் செங்கற்பட்டுக்கு வடக்கே நிற்கும் மறைமலை நகர். முன்னது தறியொலியால் அறியப்படுவது. பின்னது பேராலைகளால் அறியப்படுவது. செங்கோட்டையிலிருந்து புறப்பட்டுச் சங்கரன்கோவில் வழியாகச் சென்னைக்கு ஓடும் பொதிகை விரைவு வண்டி மறைமலை நகரைக் கடந்தே செல்கின்றது. தறிக்கூலி போதாமல் ஊரைவிட்டுப் புறப்படும் தென்பாண்டி நாட்டு இளைஞர்க்கு அவ் விருப்புப்பாதையே பிழைப்புக்குரிய பாதையாகவும் இருந்து வந்துள்ளது. அப் பாதையின் ஓரத்தில் இருந்த ஒரு பெருங்கதவு 2022ஆம் ஆண்டில் அடைக்கப்பட்டது. அஃது எதனால் அடைக்கப்பட்டது, யாரைக் கேட்டு அடைக்கப்பட்டது என்னும் இரண்டையும் தமிழர் ஆழ எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டுப் போர்டு நிறுவனம் இந்தியாவுக்கு வந்தது ஒருமுறை அன்று. 1926இல் கிளை அமைத்து, 1950களில் அதனை மூடிக்கொண்டு போன நிறுவனமே அது. 1995இல் மகிந்திரா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து மீண்டும் வந்தது. மறைமலை நகரில் ஏறத்தாழ 350 ஏக்கர் நிலப்பரப்பில் அதன் ஆலை எழுந்தது. 1999 முதல் ‘ஐக்கான்’ என்னும் மகிழுந்து அங்கு ஆக்கப்பட்டது. காலப்போக்கில் ஆண்டுக்கு 2 இலக்கம் மகிழுந்துகளையும் 3 இலக்கத்து 40 ஆயிரம் உந்துபொறிகளையும் ஆக்கவல்ல ஆலையாக அது வளர்ந்தது. தமிழ்நாட்டு மண் இடங் கொடுத்தது. தமிழ்நாட்டு அரசு சலுகை கொடுத்தது. தமிழ்நாட்டு இளைஞர் தம் இளமையையே கொடுத்தனர்.

2021 செப்டம்பர் 9ஆம் நாள் ஓர் அறிவிப்பு வந்தது. இந்தியாவில் மகிழுந்து ஆக்கத்தை நிறுத்துவதாகவும், குசராத்திலுள்ள சானந்து ஆலையை முதலிலும் மறைமலை நகர் ஆலையை அடுத்த ஆண்டிலும் மூடுவதாகவும் போர்டு நிறுவனம் கூறியது. பத்தாண்டில் 200 கோடி அமெரிக்கத் தாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது என்பது அது காட்டிய கரணியம். ஏறத்தாழ 4,000 பேர் வேலையிழப்பர் என்பதும் அவ் வறிவிப்பிலேயே இருந்தது. அவருள் ஏறத்தாழ 2,600 பேர் மறைமலை நகர் ஆலையின் நிலைத்த தொழிலாளர். ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தோரும், உறுப்புகள் செய்து கொடுத்த சிற்றாலைகளின் தொழிலாளரும், ஆலையை நம்பி வாழ்ந்த உணவுக்கடையினரும் வண்டியோட்டிகளும் அக் கணக்கில் ஏறவே இல்லை. 2022 மே இறுதியில் தொழிலாளர் ஆலைக்குள் வேலையை நிறுத்தி, தக்க இழப்பீடு கேட்டுப் போராடினர். சூலையில் கடைசி மகிழுந்து வெளியேறியது. அதன்பின் மறைமலையடிகளின் பெயர் கொண்ட ஊரில் அம் மாபெரும் ஆலை பூட்டிக் கிடந்தது.

இழப்பு வந்தது உண்மையாகவே இருக்கட்டும். அவ் விழப்புக்குப் பொறுப்பாளர் யார்? தமிழ்நாட்டுத் தொழிலாளியா? அல்லன். அதே சென்னைப் புறத்தே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் மகிழுந்து ஆக்கத் தொடங்கிய கொரிய நாட்டு ஊண்டாய் நிறுவனம் அன்று தொடங்கி இடைவிடாமல் வளர்ந்து வந்துள்ளது. அங்கும் இதே மண், இதே நீர், இதே தமிழ்க் கைகள். அவ்வாறிருக்க, ஒன்று வளர்ந்ததும் மற்றொன்று சாய்ந்ததும் உழைப்பின் வேறுபாட்டால் அல்ல, மேலிருந்தோர் எண்ணிய எண்ணத்தின் வேறுபாட்டால் என்பது தெளிவு. மறைமலை நகர் ஆலையின் ஆற்றலையே முழுதும் பயன்கொள்ளாத நிலையில், 100 கோடித் தாலர் செலவில் சானந்தில் இன்னோர் ஆலையை 2015இல் திறந்தவர் யார்? மகிந்திரா நிறுவனத்தோடு மறுபடியும் கூட்டுச் சேர்வதாக 2019இல் அறிவித்து, 2020ஆம் ஆண்டின் கடைசி நாளில் அதனைக் கைவிட்டவர் யார்? அம் முடிவுகள் அனைத்தும் கடல்கடந்த மிச்சிகன் மாநிலத்தின் தியர்பார்ன் நகரில் உறுதி செய்யப்பட்டவை. அவற்றுள் ஒன்றிலேனும் மறைமலை நகர்த் தொழிலாளியின் ஒப்புதல் கேட்கப்பட்டதில்லை. பிழை ஒருவர் செய்ய, தண்டனை மற்றொருவர் பெறுவது எந்த நாட்டு அறம்?

இன்னும் இரண்டு உண்மைகள் கூர்ந்து நோக்கத் தக்கவை. முதலாவது: மகிழுந்து ஆலையை மூடிய அதே நிறுவனம், சென்னையிலும் பிற இடங்களிலும் கணிப்பொறி, கணக்கு, வடிவமைப்புப் பணிகளில் அமர்த்தியிருந்த 11,000க்கு மேற்பட்டோரை விட்டுவிடவில்லை, அப் பிரிவை விரிவாக்குவதாகவே கூறியது. மேசைமுன் அமர்ந்து ஆங்கிலத்தில் அலுவல் பார்த்தோர் இருந்தனர். பொறிமுன் நின்று தமிழிற் பேசி உழைத்தோர் வெளியேறினர். இரண்டாவது: சானந்து ஆலையை 725 கோடியே 70 இலக்கம் உருபாவுக்கு வாங்க 2022 ஆகத்தில் டாட்டா நிறுவனம் ஒப்பந்தம் செய்தபோது, அங்கிருந்த தகுதியுடைய பணியாளர்க்கு வேலை தருவதும் அவ் வொப்பந்தத்தில் இடம்பெற்றது. மறைமலை நகர்த் தொழிலாளிக்கோ பணம் தரப்பட்டது, வேலை தரப்படவில்லை. இருபதாண்டு கைத்திறனைப் பணத்தால் அளந்து கொடுத்துவிடலாம். ஆனால், நாற்பது அகவையில் வீட்டுக்கடனோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் நிற்பவன் அக் கைத்திறனை எங்கே கொண்டுபோய் விற்பான்?

இது முதல் அடியும் அன்று. திருப்பெரும்புதூரில் 2006இல் ஆக்கத்தைத் தொடங்கிய பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனத்தில் ஒரு காலத்தில் 8,000 பேர் வரை நேரடியாக வேலை பார்த்தனர். சிற்றூர்களிலிருந்து முதன்முறையாகச் சம்பள வேலைக்கு வந்த இளம்பெண்கள் அவருட் பலர். வரிவழக்கில் ஆலை சிக்கியது. 2014இல் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டு நிறுவனத்துக்கு விற்றபோது, திருப்பெரும்புதூர் ஆலை அவ் விற்பனையிற் சேரவில்லை. அவ் வாண்டு நவம்பர் முதல் நாள் ஆலை நின்றது. நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையே வரிவழக்கு; வேலையிழந்தவள் அவ் வழக்கில் ஒரு தரப்பாகக்கூட இல்லாத தமிழ்ப் பெண்.

தமிழில் ‘முதல்’ என்னும் சொல்லின் பொருளை எண்ணிப் பார்த்தால் இச் சிக்கலின் வேரே புலப்படும். முதல் என்பது தொடக்கம். முதல் என்பது மரத்தின் அடி. முதல் என்பது தொழிலில் இடும் பணம். வேரூன்றி நிற்பது எதுவோ, அதிலிருந்து கிளையும் பூவும் காயும் தோன்றுவது எதுவோ, அதுவே முதல். சொல்லைப் படைத்த தமிழன் பணத்தையும் மரத்தின் அடியையும் ஒரே பெயரால் அழைத்தது பொருளற்ற செயல் அன்று. ஊன்றாத பணம் முதலாகாது. காற்றடித்த பக்கம் பறப்பதை உழவன் பதர் என்பானேயன்றி முதல் என்னான்.

வேரூன்றிய முதல் எப்படி இருக்கும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவிற் போக வேண்டுவதில்லை. சங்கரன்கோவிலிலிருந்து சிவகாசி நெடுந்தொலைவு அன்று. வானம் பார்த்த அம் மண்ணிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். கற்றதைத் தம் ஊரிலேயே கொண்டுவந்து நட்டனர். தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், பட்டாசிலிருந்து அச்சுத்தொழிலும் கிளைத்தன. கோவையில் 1937இல் கோ. து. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்னோடி ஆக்கினர். அதன் வழிவந்த பட்டறைகள் இன்றும் அந் நகரத் தெருக்களில் இருக்கின்றன. சங்கரன்கோவிலின் விசைத்தறிகளோ பெரும்பணம் ஈட்டித் தருபவை அல்ல. அங்குக் கூலி குறைவு. கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்துவதும் ஊருக்குப் பழகிய செய்தியே. ஆயினும், அங்குத் தறியுரிமையாளரும் நெசவாளியும் அலுவலர் முன்னிலையில் நேருக்கு நேர் அமர்ந்து தமிழிற் பேசுகின்றனர். உரிமையாளரின் வீடு அதே ஊரில். அவர் குடிப்பது அதே ஊர்த் தண்ணீர். கதவை அடைப்பவர் அடைபட்ட கதவுக்கு முன்னே மறுநாளும் நடந்து செல்ல வேண்டியவர். இவ்வொரு கண்ணோட்டமே தியர்பார்னில் இல்லாதது. சிவகாசியிலும் சங்கரன்கோவிலிலும் உழைப்பவர்க்குரிய காப்பும் கூலியும் நிறைவாக உள்ளன என்பது இதன் பொருளன்று. அங்குக் குறையைச் சுட்டிக்காட்டிப் போராடுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்கின்றான் என்பதே இதன் பொருள்.

“வணிகம் என்றால் வருவதும் போவதும் இயல்பு; வந்தவனைக் கட்டிவைத்தால் நாளை எவன் வருவான்?” என்று கேட்பாரும் உளர். கேள்வி தள்ளத்தக்கது அன்று. வேலையற்ற இளைஞர் நிறைந்த நாட்டில் ஆலை வேண்டா என்று சொல்லுதல் அறியாமை. அயல்நாட்டு நிறுவனம் வருவதைத் தடுக்க வேண்டுமென்று அறிவுடையோர் எவரும் கூறார். ஆனால், கட்டு என்பது ஒரு பக்கத்துக்கு மட்டுமா? ஆண்டுக் கணக்கில் வரிச்சலுகை தர அரசு எழுத்தால் கட்டுண்டு நிற்கின்றது. நிலையாணைகளால் தொழிலாளி கட்டுண்டு நிற்கின்றான். நிறுவனம் ஒன்றே கட்டின்றி நிற்கின்றது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், நூற்றுவரும் அதற்கு மேற்பட்டோரும் உழைக்கும் ஆலையை மூட அரசின் இசைவை முன்னரே பெற வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமோ அந் நூற்றினை முந்நூறாக்கியது. மூடும்போது சட்டம் வகுத்த இழப்பீடு, உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாட் சம்பளம். இருபதாண்டு உழைத்தவனுக்கு முந்நூறு நாட் சம்பளம்; அதாவது ஓராண்டுச் சோறுகூட இல்லை. அதற்கு மேல் ஒரு காசு வேண்டுமானாலும் தொழிலாளி வெயிலில் அமர்ந்து போராடியே பெற வேண்டும். போர்டு தொழிலாளர் செய்ததும் அதுவே.

இங்கேதான் மொழியும் வந்து நிற்கின்றது. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்திக் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றது, வ. உ. சிதம்பரனாரின் தமிழ் அவர் நெஞ்சைத் தொட்டதனால். 1918இல் சென்னைப் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர் ஒன்றுதிரண்டு சங்கம் கண்டபோது, திரு. வி. க.வின் தமிழே அவரை நிமிர்ந்து நிற்கச் செய்தது. உரிமை என்பது முதலில் புரியவேண்டும். புரிந்த மொழியில் கேட்டால்தான் உரிமை கேட்கப்பட்டதாகும். தொழிலாளியின் வாழ்வையும் நாட்டின் நிலத்தையும் பற்றிய ஒப்பந்தம் அவனுக்குப் புரியாத மொழியில், அவன் காணாத அறையில் எழுதப்படுமாயின், ஊருக்கு மறைமலையடிகள் பெயரைச் சூட்டியதனால் விளையும் பயன் யாது? பெயர்ப்பலகையில் தமிழ் இருந்து, முறிச்சீட்டில் தமிழ் இல்லையெனில், அது தமிழை வாயிற்காவலுக்கு நிறுத்தியது போன்றதேயாகும்.

ஆதலின், தமிழ்நாட்டு அரசு இனிச் செய்ய வேண்டுவன நான்கு. பெருநிறுவனங்களோடு செய்யும் ஒவ்வொரு சலுகை ஒப்பந்தமும் தமிழில் எழுதப்பட்டுச் சட்டமன்றத்தின்முன் வைக்கப்படல் வேண்டும். குறித்த காலத்துக்கு முன் வெளியேறும் நிறுவனம், பெற்ற சலுகையை அக் காலத்துக்கேற்பத் திருப்பித் தருவதும், பெற்ற நிலத்தைப் பூட்டிவைக்காமல் அரசுக்கு மீட்டளிப்பதும் அவ் வொப்பந்தத்தின் உறுப்பாதல் வேண்டும். ஆலை ஓடும் காலத்திலேயே தொழிலாளர் பெயரில் ஒரு காப்பு வைப்புத்தொகை ஆண்டுதோறும் இடப்படல் வேண்டும். அது மூடும் நாளில் கெஞ்சிப் பெறும் தொகையாக இருத்தல் கூடாது. நான்காவதும் தலையாயதும், அயல் நிறுவனத்துக்கு அள்ளிக்கொடுக்கும் சலுகையில் ஒரு பங்கேனும் சங்கரன்கோவில் தறிக்கும் சிவகாசி அச்சகத்துக்கும் கோவைப் பட்டறைக்கும் சென்று சேர்தல் வேண்டும்.

இவற்றுக்குக் காலம் கடந்துவிடவில்லை. 2024 செப்டம்பரில் மறைமலை நகருக்குத் திரும்ப விருப்பந் தெரிவித்த போர்டு நிறுவனம், 2025 அக்டோபரில் 3,250 கோடி உருபா முதலீட்டில் அங்கு உந்துபொறி ஆக்குவதாகத் தமிழ்நாட்டு அரசோடு உடன்பாடு செய்தது. 2029இல் ஆக்கம் தொடங்கும் என்பதும், 600 பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்பதும் அறிவிப்பு. வரட்டும், வேலை பெருகட்டும். ஆனால், 1950களிலும் 2022இலும் கதவடைத்துப் போன நிறுவனம் மூன்றாம் முறை வரும்போது, வரவேற்பு மாலையோடு ஒரு முறிச்சீட்டும் தமிழில் நீட்டப்படல் வேண்டும். அன்று வெளியேற்றப்பட்டவருள் எத்தனை பேருக்கு அவ் வேலையில் முதலுரிமை என்பது அதன் முதல் வரியாக இருத்தல் வேண்டும்.

விருந்தினரைப் போற்றுதல் தமிழர் பண்பு. வீட்டின் திறவுகோலை விருந்தினர் கையிலேயே விட்டுவிட்டுத் திண்ணையிற் படுத்தல் பண்பு அன்று, மடமை.