பரவையிலிருந்து பறக்கணுமா?

எங்க ஊர் பேரை முக்கால்வாசிப் பேர் தப்பாத்தான் எழுதுவாங்க. வல்லின 'ற' போட்டு 'பறவை' ஆக்கிடுவாங்க. பழைய தமிழில் பரவை என்றால் கடல், பரந்து கிடப்பது என்று பொருள். இங்க கடலும் கிடையாது. திண்டுக்கல் ரோட்டில் ஒரு காய்கறி மார்க்கெட், ஒரு கண்மாய், மறைந்த பரவை முனியம்மா பாட்டி. வெளியூர்க்காரங்களுக்கு எங்களைப் பற்றித் தெரிஞ்சது இவ்வளவுதான். ஆனா போன வாரத்திலிருந்து நம்ம ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தா, ஊர் பேரைத் தப்பா எழுதுறவங்க சொல்றதுதான் சரியோன்னு தோணுது. எல்லாருக்கும் றெக்கை முளைச்சிருக்கு.

விஷயம் தெரியாத ஜூனியர்களுக்காகச் சொல்றேன். மார்கழி கடைசியில் எங்க கிளாஸ் டூர். வழக்கமான கொடைக்கானல், மூணாறு எல்லாம் வேண்டாம்னு ஒரு பேக்கேஜ் பிடிச்சிருக்காங்க. பத்து நிமிஷம் ஹெலிகாப்டரில் மதுரையைச் சுத்திக் காட்டுவாங்க. அப்புறம் மலையடிவாரத்தில் ஒரு ரிசார்ட்டில் ரெண்டு நாள், நீச்சல் குளம், கேம்ப் ஃபயர். ஆளுக்கு 11,500 ரூபாய். அதில் பறக்க மட்டும் 6,000. 58 பேரும் வந்தால்தான் இந்த ரேட்டு, ஆள் குறைஞ்சா மத்தவங்களுக்கு ஏறும். வெள்ளிக்கிழமை கூகுள் ஃபார்மில் ஓட்டு. நான் வேண்டாம்னு போடப் போறேன். ஏன்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போடுறதுதான் முறை.

முதல்லயே ஒண்ணு. நான் பறக்கிறதுக்கு எதிரி கிடையாது. போன டிசம்பரில் இன்டர்ன்ஷிப்புக்காக மதுரையிலிருந்து சென்னைக்கு ஏடிஆர் விமானத்தில் போனேன். அதுதான் முதல் தடவை. ஏடிஆர் 72 தெரியுமில்ல, ரெண்டு பக்கமும் ப்ரொப்பெல்லர் சுத்துமே, அது. அதுக்கு இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும். ஜெட் விமானத்தில் ஜன்னல் சீட் கிடைச்சும் பாதி நேரம் இறக்கையையே பார்த்துட்டு வருவோம். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஜெட்டை விட உயரமும் வேகமும் குறைவு. பின்வரிசை ஜன்னலில் உட்கார்ந்தா கீழே இருக்கிற பூமி முழுக்க நம்மளுதுதான்.

அன்னைக்கு நான் பார்த்தது கண்மாய்கள். வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச நேரம், எல்லாத்திலயும் தண்ணி. தரையில் நின்னு பார்த்தா கண்மாய்ங்கிறது ஒரு மேட்டுக் கரை, கொஞ்சம் சீமைக்கருவேலம், நாலு எருமை. தினமும் பஸ்ஸில் போறப்ப நம்ம பரவைக் கண்மாயை நான் அப்படித்தான் பார்த்திருக்கேன், அதாவது பார்த்ததே இல்லை. மேலேயிருந்து பார்த்தா ஒவ்வொரு கரையும் பிறை மாதிரி வளைஞ்சு, சரிவு பார்த்துத் தண்ணியை அணைச்சுப் பிடிச்சிருக்கு. ஒண்ணு நிரம்பினா மறுகால் பாய்ஞ்சு அடுத்ததுக்குப் போகும், அது நிரம்பினா அதுக்கடுத்தது. இதைச் சின்ன வயசில் பாடப் புத்தகத்தில் படிச்சிருப்போம். அந்தச் சங்கிலியைக் கண்ணால் பார்த்தது அப்பதான். லெவலிங் கருவி எதுவும் இல்லாத காலத்தில் எவனோ ஒருத்தன் இந்தச் சமவெளியின் சரிவைக் காலால் நடந்து நடந்தே கண்டுபிடிச்சிருக்கான். பேரில் மட்டும் குளம் மிச்சமிருக்கிற தல்லாகுளமும் பீபீகுளமும் அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியாக இருந்திருக்கும்னு யோசிச்சுக்கிட்டே போனேன். காபி விலை கேட்டதும் யோசனை கலைஞ்சுபோச்சு, அது வேற கதை.

அந்த டிக்கெட் 3,400 ரூபாய். ஒரு மணி இருபது நிமிஷம் பறந்தேன். கணக்குப் போட்டா நிமிஷத்துக்கு 43 ரூபாய் கூட வரலை. டூர் பேக்கேஜில் நிமிஷத்துக்கு 600.

ஹெலிகாப்டர் தாழ்வாப் பறக்கும், கோயிலைக் கிட்டப் பார்க்கலாமே என்பீங்க. நியாயம்தான். சதுரத்துக்குள் சதுரமா ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதின்னு ஊரே கோயிலைச் சுத்தி அடுக்கடுக்கா இருக்கிறது மேலேயிருந்துதான் புரியும். ஆனா கோபுரத்துச் சிற்பம் எல்லாம் கீழே நின்னு அண்ணாந்து பார்க்கிறவனுக்காகச் செஞ்சது. யானைமலையும் அப்படித்தான். அது யானையாத் தெரியணும்னா ஒத்தக்கடைப் பக்கம் தரையில் நிக்கணும். நேர் மேலே போய்ப் பார்த்தா வெறும் பாறை.

இன்னொண்ணையும் யோசிங்க, நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. இந்த மாதிரி சவாரிக்கு வர்ற பெல் 407 வகை ஹெலிகாப்டரில் பைலட் போக ஆறு பேர் உட்காரலாம். 58 பேருக்குப் பத்து ட்ரிப். ஏறி இறங்க, பெல்ட் மாட்ட எல்லாம் சேர்த்து ட்ரிப்புக்கு இருபது நிமிஷம்னு வைங்க. மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதில் நாம பறக்கிறது பத்து நிமிஷம், மிச்ச நேரம் மைதானத்தில் வெயில் காயலாம். ஏறும் முன்னாடி எடை பார்ப்பாங்க. யார் எங்க உட்காரணும்னு எடைக்கணக்கு வச்சு அவங்கதான் முடிவு செய்வாங்க, ஏன்னா ஈர்ப்பு மையம் விலகக்கூடாது. பின்னாடி மூணு பேர் வரிசையில் நடு சீட் உங்களுக்கு விழுந்தா, 6,000 ரூபாய்க்குப் பக்கத்தில் இருக்கிறவன் காதைப் பார்த்துட்டு வரலாம்.

விலை ஏன் இவ்வளவுன்னு கேட்டா எல்லாரும் எரிபொருளைச் சொல்வாங்க. பத்து நிமிஷத்துக்கு ஆகிற எரிபொருளை ஆறு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு அஞ்சு லிட்டர் போலத்தான் வரும். பணம் தின்கிறது சுழலும் பாகங்கள். ரோட்டர், கியர்பாக்ஸ், டர்பைன் பாகங்களுக்கு இத்தனை மணி நேரம், இத்தனை ஸ்டார்ட் என்று ஆயுள் எழுதி வச்சிருக்கும். பார்க்க நல்லா இருந்தாலும் கணக்கு முடிஞ்சா கழட்டிடணும். அந்தச் செலவை ஏமாத்துறதுன்னு நான் சொல்ல மாட்டேன். அதில் மிச்சம் பிடிக்கிற ஆளோட ஹெலிகாப்டரில்தான் ஏறக் கூடாது. 2025 ஜூன் 15 அன்னைக்கு கேதார்நாத்திலிருந்து கிளம்பின பெல் 407 விழுந்து, அதில் இருந்த ஏழு பேரும் இறந்துபோனாங்க. அதுவும் சில நிமிஷப் பயணம்தான். ஆகவே யாராவது தனியாப் போறதா இருந்தா, டிஜிசிஏ கொடுத்த ஆபரேட்டர் பெர்மிட் யார் பேரில் இருக்கு, மேகமூட்டம்னா காசு திரும்ப வருமா, இந்த ரெண்டையும் எழுத்தில் வாங்கிட்டு ஏறுங்க. நம்ம பேக்கேஜ் நோட்டீஸில் ரெண்டுமே இல்லை. கேம்ப் ஃபயர் எத்தனை மணிக்குன்னு இருக்கு.

மதுரை வானத்துக்கு ஏற்கெனவே ஒரு கதை உண்டு. 2021 மே 23, கொரோனா ரெண்டாவது அலை. மறுநாளிலிருந்து தளர்வில்லாத ஊரடங்குன்னு அரசு அறிவிச்சிருந்துச்சு. ஒரு ஜோடி மதுரையிலிருந்து ஸ்பைஸ்ஜெட் விமானத்தை வாடகைக்கு எடுத்து, சொந்தபந்தத்தோட மேலே போய் வானத்திலேயே தாலி கட்டிக்கிட்டாங்க. வீடியோ நாடு முழுக்கச் சுத்துச்சு. முகக்கவசம் இல்லை, இடைவெளி இல்லைன்னு டிஜிசிஏ விசாரணைக்கு உத்தரவு போட்டுச்சு. அந்த விமான ஊழியர்களைப் பணியிலிருந்து விலக்கி வச்சாங்க. ஆசை கல்யாண வீட்டுக்கு, தண்டனை தண்ணி பாட்டில் கொடுத்தவங்களுக்கு.

ஊட்டியிலும் 2023 மே மாசம் கோடை விழாவுக்கு ஹெலிகாப்டர் சவாரி அறிவிச்சாங்க. யானை, வரையாடு எல்லாம் இருக்கிற மலை, அந்தச் சத்தம் ஆகாதுன்னு வழக்குப் போட, சென்னை உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்துச்சு. டிக்கெட்டில் எழுதாத விலையை வேற யாராவது கொடுக்க வேண்டியிருக்கு. நம்ம பத்து ட்ரிப்புக்குக் கீழே யானை இல்லாட்டியும் மனுஷங்க வீடு இருக்கு.

ஆனா நான் வேண்டாம்னு போடுறதுக்கு இதெல்லாம் பாதிக் காரணம்கூட இல்லை.

போஸ்டர் போட்ட அன்னைக்கு ராத்திரி குரூப்பில் எல்லாரும் ராக்கெட் ஸ்டிக்கர் போட்டுக்கிட்டு இருந்தப்ப, ஒருத்தன் மட்டும் "எனக்கு உயரம்னா பயம்டா மாப்ள, நான் வரல"ன்னு போட்டான். நாங்க ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினோம். நான்தான் முதல் ஆள். மறுநாள் பஸ்ஸில் போறப்பதான் ஞாபகம் வந்துச்சு. பொங்கலுக்கு அவன் ஊர்ல வழுக்குமரம் ஏறி முடிப்பை அவிழ்த்தவன் அவன். (ஆள் யார்னு தேடாதீங்க. அவன்கிட்ட கேட்டுட்டு, சில விவரங்களை மாத்தித்தான் எழுதுறேன்.) டீக்கடையில் பிடிச்சுக் கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுச் சொன்னான். "அம்மா குழுவுல லோன் போட்டுத்தான்டா இந்த செமஸ்டர் ஃபீஸ் கட்டுனாங்க. இப்பப் போய் ஹெலிகாப்டர்னு எப்படிடா கேக்குறது?"

அன்னைக்கு ராத்திரி குரூப்பை மேலிருந்து கீழே வரைக்கும் திரும்பப் படிச்சேன். ஆறு பேர் வர முடியாதுன்னு போட்டிருந்தாங்க. ஒருத்தனுக்கு உயரம் பயம், ஒருத்திக்கு வாந்தி வரும், ரெண்டு பேருக்கு 'வீட்ல விசேஷம்', ரெண்டு பேருக்கு அக்கா கல்யாணம். மார்கழி மாசத்தில் யார் வீட்டுல கல்யாணம் வைக்கிறாங்க? எல்லாரும் தம்ஸ் அப் போட்டிருந்தோம். கீழேயே அடுத்த மெசேஜ்: "இன்னும் ஆறு பேர் குறைஞ்சா ரேட் ஏறும், ப்ளீஸ் கோஆபரேட்."

வேலை கிடைச்சு, முதல் சம்பளத்தில் ஹெலிகாப்டர் ஏறணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா ஏறுங்க. உங்க காசு, உங்க ஆசை, நான் ஸ்டேட்டஸுக்கு ஹார்ட் போடுறேன். கிளாஸ் டூர் வேற. நாலு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவங்க கடைசியா ஒண்ணாப் போறது அது. அதில் ஏற அப்பா அம்மாகிட்ட 11,500 கேட்கணும், இல்லாட்டி பொய் சொல்லணும்னு ஒருத்தனை நிறுத்தினா, மீனாட்சி கோயில் மேலே மட்டுமில்ல, நிலாவுக்கே போனாலும் எனக்கு அது டூர் இல்லை.

மாத்து யோசனை சொல்லாம குறை மட்டும் சொல்றான்னு பேச்சு வரும். சொல்றேன். ஆரப்பாளையத்திலிருந்து அரசு பஸ், கொடைக்கானல். சொந்த வண்டிக்குத்தான் இ-பாஸ், அரசு பஸ்ஸில் போனா அது தேவையில்லை. மலைப்பாதையில் டம் டம் பாறையில் நின்னா எதிரே எலிவால் அருவி, 297 மீட்டர், மார்கழியில் தண்ணி விழும். தூரத்தில் மஞ்சளாறு அணை. மேகம் சில நேரம் நம்ம காலுக்குக் கீழே போகும், அதுக்குக் காசு இல்லை. பெரிய ஹாலாப் பிடிச்சு ரெண்டு ராத்திரி, சாப்பாடு எல்லாம் சேர்த்து, விசாரிச்ச வரைக்கும் ஆளுக்கு மூவாயிரத்துக்குள் முடிக்கலாம். பழைய யோசனைதான், தெரியும். ஏற்கெனவே போயிருக்கோம்னு சொல்வீங்க. 58 பேரும் போனதில்லையே.

வெள்ளிக்கிழமை ஃபார்மில் இதை மூணாவது ஆப்ஷனாச் சேர்க்கச் சொல்லி ரெப்கிட்ட கேட்டேன், சேர்க்கிறேன்னு சொல்லிட்டான். பேரும் மெயில் ஐடியும் கேட்காத ஃபார்மாப் போடுன்னும் கேட்டேன். அதுக்கு இன்னும் பதில் வரலை. நீங்களும் ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்க.