அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை: தினமும் தேவையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, வாரண்டி எத்தனை ஆண்டு என்றெல்லாம் விசாரித்து வாங்குகின்றனர். "நான் தினமும் பயன்படுத்தப் போகும் அக்கவுண்ட் எந்த வகை?" என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான்.

விண்டோஸ் சிஸ்டத்தில் யூசர் அக்கவுண்ட் பொதுவாக இரு வகைப்படும். அட்மினிஸ்ட்ரேட்டர் எந்த புரோகிராமையும் பதியலாம், நீக்கலாம். சிஸ்டம் பைல்களை மாற்றலாம். பிறருடைய பைல்களையும் திறக்கலாம். ஸ்டாண்டர்ட் யூசர் தன் அன்றாட வேலைகளை எல்லாம் செய்யலாம். சிஸ்டத்தின் அடிப்படையில் கை வைக்க முடியாது. விண்டோஸ் பதியும்போது உருவாகும் முதல் அக்கவுண்ட் அட்மினிஸ்ட்ரேட்டராகவே அமைகிறது. வீட்டில் அனைவரும் அதையே பயன்படுத்தத் தொடங்கி விடுகிறோம்.

"விண்டோஸ்தான் அனுமதி கேட்கிறதே!" எனச் சிலர் சொல்லலாம். உண்மைதான். 2007ல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதல், முக்கிய மாற்றங்களுக்கு முன் இந்தக் கேள்வி வருகிறது. ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு அது ஒரு 'யெஸ்' பட்டன் மட்டுமே. பத்து முறை அழுத்திப் பழகிய விரல், பதினோராவது முறை நின்று யோசிப்பதில்லை.

விருதுநகர் மாவட்ட வாசகர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பட்டாசு ஆலையில் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என வரம்பு உண்டு. அறைகளுக்கு இடையே இடைவெளியும் வேண்டும். விபத்தே நடக்காது என்பதற்காக அல்ல. நடந்தால் ஓர் அறையோடு நிற்க வேண்டும் என்பதற்காக. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த இழப்போடு கம்ப்யூட்டர் சேதத்தை ஒப்பிடவே கூடாது. ஆனால் 'தேவைக்கு மேல் கையில் வைக்காதே' என்ற எண்ணம், கம்ப்யூட்டர் உரிமைகளுக்கும் அப்படியே பொருந்தும்.

உங்கள் அக்கவுண்ட் எந்த வகை? விண்டோஸ் 10 மற்றும் 11ல், ஸ்டார்ட் மெனு மூலம் செட்டிங்ஸ் சென்று, அக்கவுண்ட்ஸ் பிரிவில் 'யுவர் இன்போ' என்பதில் கிளிக் செய்திடவும். உங்கள் பெயருக்குக் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என இருந்தால், முழு உரிமையும் உங்களிடம் உள்ளது. இன்னொரு வழியும் உண்டு. அனுமதி கேட்கும் கட்டம், வேறொரு அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டைக் கேட்டால் நீங்கள் ஸ்டாண்டர்ட் யூசர். 'யெஸ், நோ' மட்டும் கேட்டால் அட்மினிஸ்ட்ரேட்டர்.

அட்மினிஸ்ட்ரேட்டர் என்று தெரிந்தால், உடனே அதனை மாற்றிவிட வேண்டாம். முதலில் புதிதாக ஓர் அக்கவுண்ட் உருவாக்கி, அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையும் நல்ல பாஸ்வேர்டும் கொடுங்கள். அதில் ஒருமுறை நுழைந்து பார்த்த பின், அங்கிருந்தபடியே பழைய அக்கவுண்ட்டை ஸ்டாண்டர்ட் என மாற்றுங்கள். உங்கள் பைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதனால் எல்லா ஆபத்தும் நீங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், ஸ்டாண்டர்ட் யூசரின் சொந்த போட்டோக்களையும் கடிதங்களையும் பூட்டிவிடும். எனவே பேக்அப் அவசியம். ஆனால் விண்டோஸ் எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களை அழிக்கவும், வீட்டில் மற்றவர் போல்டருக்குள் நுழையவும் அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். பையன் டவுன்லோட் செய்த கேமில் வந்த வைரஸ், அப்பாவின் கடைக் கணக்கைத் தொடாமல் நிற்கும் வாய்ப்பு இங்குதான் கிடைக்கிறது.

புதிய புரோகிராம் பதியும்போது பாஸ்வேர்ட் டைப் செய்வது சிரமம்தான். அந்தச் சில விநாடிகளில், "இது எனக்குத் தேவையா?" என்று யோசிக்க நேரம் கிடைக்கிறதே! கம்ப்யூட்டர் விற்பவர்களும் பில்லோடு இரண்டு அக்கவுண்ட்களை அமைத்துக் கொடுத்து, எது எதற்கு என்று விளக்கினால் நல்லது. அவர்கள் செய்யாவிட்டால், வாங்குகின்ற நாம் கேட்டுப் பெற வேண்டும்.